கையைக் கட்டிக்கொண்டு இருப்பதும் அன்புதான்

பதிவு நீளமாகத்தான் வரும். டீச்சர் பேச ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நிறுத்த மாட்டாள் என்று உங்களுக்குத் தெரியும். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

என் தம்பி பேரனைப் பற்றி எழுதுகிறேன். பேர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். உறவுக்காரர்களுக்குப் பேர் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. எழுதியதை அவனிடம் முழுக்க வாசித்துக் காட்டிவிட்டுத்தான் இங்கே போடுகிறேன். இரண்டு இடத்தில் வெட்டச் சொன்னான், வெட்டிவிட்டேன். ஒரு இடத்தில் நான் வெட்டப் போனதை, "இருக்கட்டும் ஆச்சி, நாலு பேருக்கு உபயோகப்படும்" என்றான். அது எந்த இடம் என்று படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

அவனுக்கு இப்போது வயது 23. கழுத்துக்குக் கீழே உடம்பு அவன் சொல்படி கேட்காது. தோளும், முழங்கையை மடக்குகிற தசையும், மணிக்கட்டைத் தூக்குகிற தசையும் மட்டும் வேலை செய்கின்றன. வருகிற ஜூன் மாதம் மதுரைக்குப் போகிறான். ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. தரைத்தளத்தில் ஒரு வீடு பிடித்து, சக்கர நாற்காலியில் இருக்கிற இன்னொரு பையனோடு சேர்ந்து தங்கப் போகிறான். இரண்டு பேருக்கும் சேர்த்துச் சம்பளத்துக்கு ஒரு உதவியாளர்.

இந்தச் செய்தி தெரிந்த நாளிலிருந்து என் தம்பி மகளுக்கு, அதாவது அவனுடைய அம்மாவுக்கு, போன் மேல் போன். "பெத்த மனசு எப்படி வந்தது?" என்று ஒருத்தர். "நீ கைகழுவப் பார்க்கிறியா?" என்று இன்னொருத்தர். போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டு அழுதாள். "அத்தை, நான் ராட்சசியா?" என்று கேட்டாள்.

அவள் ராட்சசி இல்லை என்று சொல்வதற்குத்தான் இந்தப் பதிவு. போன் செய்த அத்தனை பேரும் இதில் நண்பர்களாக இருக்கிறீர்கள். யார் பேரையும் எழுதவில்லை. நானும் ஒரு காலத்தில் உங்கள் கட்சிதான்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கு வருடத்துக்கு முன்னால் கோயில் கொடைக்கு ஊருக்கு வந்தவன், சிநேகிதர்களோடு தோட்டத்துக் கிணற்றில் குளிக்கப் போனான். சிறு வயதிலிருந்து தலைகீழாகக் குதித்த கிணறு. ஆனால் சித்திரை மாதம், தண்ணீர் இறங்கிக் கிடந்தது. தலை பாறையில் மோதிக் கழுத்தெலும்பு உடைந்து உள்ளே இருந்த தண்டுவடம் நசுங்கிவிட்டது. பிள்ளைகள் பதறிப்போய் அக்குளில் கை கொடுத்து இழுத்து ஏற்றி, தலை தொங்கத் தொங்க ஆட்டோவில் உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள். அவர்கள்மேல் தப்பு சொல்ல மாட்டேன். அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? 36 வருடம் பாடம் நடத்திய நானே சொல்லிக்கொடுக்கவில்லை.

இப்போது சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மரத்திலிருந்து விழுந்தவர், கிணற்றில் அடிபட்டவர், வண்டியில் தூக்கி எறியப்பட்டவர், இவர்களைத் தூக்கி உட்காரவைக்காதீர்கள். தண்ணீர் கொடுக்கத் தலையை நிமிர்த்தாதீர்கள். தலையும் கழுத்தும் முதுகும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி பிடித்துக்கொண்டு, 108-க்குப் போன் செய்யுங்கள். நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே மூச்சில் ஒரு பலகையிலோ கதவிலோ வையுங்கள். எலும்பு உடைந்தது ஒரு சேதம். உடைந்த எலும்பு அசைந்து தண்டுவடத்தை மேலும் நசுக்கினால் அது இரண்டாவது சேதம். இரண்டாவதைத் தடுப்பது நம் கையில்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரி, ஆபரேஷன் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு ஒன்றரை வருடம் நாங்கள் அத்தனை பேரும் ஒரே ஒரு விஷயத்துக்காகக் காத்திருந்தோம். அவன் எழுந்து நடப்பான். யார் எந்த எண்ணெய் சொன்னாலும் வாங்கினோம், எந்தக் கோயில் சொன்னாலும் நேர்ந்தோம். ஒருத்தர் 48 நாளில் நடக்கவைக்கிறேன் என்று சொல்லி என் தம்பியிடம் பெரிய தொகை வாங்கிக்கொண்டார். அந்த 48 நாளில் கிடைத்தது என்ன தெரியுமா? இடுப்புக்குக் கீழே ஒரு படுக்கைப் புண். உள்ளங்கை அளவு. உணர்ச்சி இல்லாத இடம் என்பதால் அவனுக்குத் தெரியவில்லை. சட்டையை விலக்கிப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை. அது ஆற மூன்று மாதம் குப்புறப் படுத்துக் கிடந்தான்.

இனி என் பங்கைச் சொல்கிறேன். தினமும் சாயங்காலம் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நல்லெண்ணெய் தடவி, மடங்கிக் கிடந்த விரல்களை ஒவ்வொன்றாக நீவி, மணிக்கட்டைப் பின்னால் வளைத்து, உள்ளங்கையை முழுக்க விரித்துவிடுவேன். கட்டிலின் வலது பக்கம் சுவர். அதனால் எனக்கு எட்டியது இடது கை மட்டும். பிறகு ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். அங்கே கைப்பயிற்சி கொடுக்கிற பெண் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இடது கையை யார் இப்படி இழுத்தது?" என்று கேட்டாள்.

அவள் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். மணிக்கட்டை மட்டும் தூக்க முடிகிறவர்களுக்கு இயற்கை ஒரு வழி வைத்திருக்கிறது. மணிக்கட்டு மேலே எழும்போது விரல் தசைநாண்கள் தானாக இழுபட்டு விரல்கள் மடங்கும், கட்டைவிரல் பக்கத்து விரலோடு வந்து சேரும். மணிக்கட்டைத் தாழ்த்தினால் விரல் திறக்கும். விரலில் உயிர் இல்லாமலே ஒரு டம்ளரையோ சீப்பையோ பிடிக்கலாம். அந்த விரல்கள் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால்தான் பிடி கிடைக்கும். மணிக்கட்டையும் விரலையும் சேர்த்து விரித்து இழுத்தால் அந்த இறுக்கம் போய்விடும்.

அவனுடைய வலது கை இன்றைக்கு மொபைலைப் பிடிக்கிறது. இடது கை பிடிக்காது. அது நான் அன்போடு தடவிய கை.

அவன் ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. ஆனால் எனக்குத் தூக்கம் கெட்டது. உதவி என்று நாம் நினைத்துச் செய்கிற எதையும், அது வேண்டியவனுக்கு வேண்டியதுதானா என்று கேட்காமல் செய்யக் கூடாது என்பதை 62 வயதுக்கு மேல் நான் கற்றுக்கொண்டேன்.

அந்த மையத்தில் பத்து வாரம் இருந்தான். டாக்டர்கள் சொல்லிக்கொடுத்ததைவிட, அங்கே இவனைப் போலவே கழுத்தில் அடிபட்டு 12 வருடமான ஒருவர் சொல்லிக்கொடுத்தது அதிகம். அவர் முதல் நாள் கேட்ட கேள்வி: "தம்பி, உன் கடைசிப் புண் எந்தத் தேதியில ஆறிச்சு?" இவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவர், "உங்க அம்மாவுக்குத் தெரியும். உனக்குத் தெரியணும்ல?" என்றார்.

அன்றைக்குத்தான் அவனுடைய உடம்பு அவன் கைக்குத் திரும்பி வர ஆரம்பித்தது. எத்தனை மணிக்கு ஒரு தடவை சிறுநீர் வெளியேற்ற வேண்டும், என்ன மாத்திரை எதற்கு, நாற்காலியில் கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை எப்படி முன்னால் சாய்ந்து இருக்கையின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், எல்லாம் அவனே கணக்கு வைத்தான். போனில் அலாரம் வைத்தான். தினமும் குளித்து முடித்ததும் முதுகைப் படம் எடுக்கச் சொல்லி அவனே பெரிதாக்கிப் பார்க்கிறான். அடிபட்ட இடத்துக்குக் கீழே அவனுக்கு வியர்க்காது, அதனால் நம் ஊர் சித்திரை வெயில் அவனுக்கு ஆபத்து. ஈரத் துண்டும் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலும் எங்கே போனாலும் கூடப் போகும். அதை எடுத்து வைக்க நினைவூட்டுவதும் இப்போது அவன்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் காரியம், அவனே சாப்பிடுவது. பஜாரில் செருப்பு தைக்கிற அண்ணாச்சியிடம் சொல்லி, கையைச் சுற்றி ஒட்டுகிற மாதிரி ஒரு தோல் பட்டை, அதில் ஸ்பூன் செருகுவதற்கு ஒரு பை தைத்து வாங்கினோம். 80 ரூபாய். முதல் நாள் ஒன்றரை இட்லி சாப்பிட 50 நிமிடம் ஆனது. பாதி மடியில், கொஞ்சம் தரையில். அவன் அம்மா பார்க்க முடியாமல் அடுப்படிக்குள் போய்விட்டாள். எதிரே நான் உட்கார்ந்திருந்தேன். என் கை இரண்டு தடவை தானாக எழுந்தது. "ஆச்சி, கைய எடுங்க" என்றான். கையை எடுத்துப் புடவைக்குள் கட்டிக்கொண்டேன்.

ஒன்றாம் வகுப்பு எடுத்தவர்களுக்குத் தெரியும். பிள்ளையின் கையைப் பிடித்து நாம் எழுதவைக்கிற 'அ' முத்து மாதிரி இருக்கும். ஆனால் அது நம்முடைய 'அ'. கையை விட்டதும் பிள்ளை கோணல்மாணலாக, சுழி பெரிதும் கால் சிறிதுமாகப் போடுகிற 'அ'தான் அந்தப் பிள்ளையின் எழுத்து. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்த இரண்டு வருடத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான். எந்த நேரத்தில் கையை விட வேண்டும் என்பது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் கையை விட்ட எனக்கு, சொந்தப் பேரனுக்கு விட வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பல வருடமாக மனதில் கிடப்பது. என் வகுப்பில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிய பையன் ஒருவன் இருந்தான். சுதந்திர தின உடற்பயிற்சி, ஆண்டு விழா நாடகம், தோட்ட வேலை, எதுவானாலும் "நீ உட்கார்ந்திருப்பா" என்பேன். பாசத்தில்தான் சொன்னேன். இருபது வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். நன்றாக இருக்கிறான், சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான். பேசிக்கொண்டே இருந்தவன் சிரித்தபடி சொன்னான்: "டீச்சர், எனக்கு மணி அடிக்கிற வேலையாவது கொடுத்திருக்கலாம்."

தம்பி, இதைப் படிக்கிறாய் என்று தெரியும். அன்றைக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. இப்போது கேட்கிறேன்.

இனி, நீங்கள் எல்லோரும் என் தம்பி மகளிடம் சுட்டிக்காட்டுகிற அந்தச் சம்பவத்துக்கு வருகிறேன். போன வருடம் ஐப்பசியில் அவளுக்கு ஒரு துக்க வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அவன் அப்பா சரக்கு எடுக்கப் போயிருந்தார். "ரெண்டு மணி நேரம் நான் இருந்துக்குவேன், போங்கம்மா" என்று அவனே அனுப்பினான். ஒரு மணி நேரத்தில் அவனுக்குத் தலை வெடிக்கிற மாதிரி வலி, முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது, உடம்பு புல்லரித்தது. கழுத்தில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு இப்படி வரும். கீழே எங்கேயோ ஒரு தொந்தரவு, பெரும்பாலும் சிறுநீர்ப்பை நிரம்பியது. உடம்பு அதை மூளைக்குச் சொல்ல வழி இல்லாமல் ரத்த அழுத்தத்தைத் தாறுமாறாக ஏற்றிவிடும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

அவன் பயந்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் குரலால் போனை இயக்கி எதிர்க்கடைப் பையனைக் கூப்பிட்டான். 17 வயதுப் பையன். அவனிடம் ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறான்: "என்னை நல்லா நிமிர்த்தி உட்கார வை. பெல்ட்டைத் தளர்த்து. கால் பக்கம் ஒரு டியூப் இருக்கும், மடங்கியிருக்கான்னு பாரு. மடங்கியிருந்தா நேராக்கு." டியூப் நாற்காலியின் ஓரத்தில் நசுங்கியிருந்தது. நேராக்கியதும் சிறுநீர் இறங்கி, சில நிமிடத்தில் தலைவலி குறைந்தது. அந்தப் பையனுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்து, "ஒண்ணும் அவசரம் இல்ல, இருந்து சாப்பிட்டுட்டு வாங்க" என்றான்.

இதை நீங்கள் எல்லோரும், "பார்த்தியா, தனியா விட்டா என்ன ஆகுதுன்னு" என்று சொல்கிறீர்கள். நான் இதை வேறு மாதிரிப் பார்க்கிறேன். இதே டியூப் அம்மா பக்கத்தில் இருக்கும்போதும் மடங்கியிருக்கும். முதல் வருடம் இப்படி வந்தபோது ஆறு பெரியவர்கள் சுற்றி நின்றோம். சளி என்று நினைத்துப் படுக்கவைத்து ஆவி பிடித்தோம். அது செய்யவே கூடாத காரியம், படுக்கவைத்தால் ரத்த அழுத்தம் இன்னும் ஏறும். அன்றைக்குத் தப்பியது கடவுள் புண்ணியம். போன ஐப்பசியில் தப்பியது அவன் அறிவால். தன் உடம்பைத் தெரிந்தவனும் 17 வயதுப் பையனும் போதுமாக இருந்தது. அந்த ஐப்பசிக்குப் பிறகுதான் அவன் மதுரைக்குப் போகலாம் என்று நான் முடிவுக்கு வந்தேன்.

சுதந்திரம் என்றால் எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்வது என்று நினைக்கிறோம். நம்மில் யார் அப்படி இருக்கிறோம்? அரிசியை நாம் விளைவிப்பதில்லை, பஸ்ஸை நாம் ஓட்டுவதில்லை. எப்போது எழுவது, என்ன உடுத்துவது, யாரோடு பேசுவது, எதற்குச் செலவழிப்பது, இதையெல்லாம் நாம் முடிவு செய்கிறோம், அதுதான் நம் சுதந்திரம். குளிப்பாட்டுவது இன்னொருவர் கையாக இருக்கலாம். எத்தனை மணிக்கு, வெந்நீரா பச்சைத் தண்ணீரா என்று சொல்வது அவனாக இருக்க வேண்டும்.

முடிவு செய்கிறவன் தப்பாகவும் முடிவு செய்வான். மாதம் 2000 ரூபாய் அரசு உதவித்தொகை அவன் கணக்கில் வருகிறது. ஏடிஎம் கார்டும் ரகசிய எண்ணும் அவனிடம் கொடுக்கச் சொல்லி நான்தான் சண்டை போட்டேன். முதல் காரியமாக 3,200 ரூபாய்க்கு ஒரு ஷூ வாங்கினான். வீடே கொதித்தது. நடக்காத காலுக்கு ஷூவா என்று நானும் கேட்டேன். "நடக்காத கால்தான ஆச்சி, தேயவே தேயாது, ஆயுசுக்கும் ஒரே ஜோடி" என்றான். பிறகுதான் காரணம் சொன்னான். உணர்ச்சி இல்லாத கால் மிதிகட்டையில் இடித்தால் அவனுக்குத் தெரியாது, அதனால் ஒரு அளவு பெரிதாக, மெத்தென்ற ஷூ வேண்டும். அப்படிக் காரணமே இல்லாமல் வெறும் ஆசைக்கு வாங்கியிருந்தாலும் தப்பில்லை என்பேன். 23 வயதில் வீண்செலவு செய்யாத ஆண்பிள்ளை நம் குடும்பத்தில் யார் இருக்கிறார்கள்?

இப்படி வாழ்ந்தவர்கள் புதிதாக வந்தவர்கள் இல்லை. நம் தென்காசிப் பக்கத்து ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் இருக்கிறார். பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-இல், கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். எத்தனையோ குழந்தைகளுக்கு அது பள்ளிக்கூடமாகவும் மருத்துவமனையாகவும் இருக்கிறது. 2020-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அமெரிக்காவில் எட் ராபர்ட்ஸ் என்று ஒருவர். 14 வயதில் போலியோ வந்து கழுத்துக்குக் கீழே அசைவு போய், மூச்சுவிடவே இயந்திரம் தேவைப்பட்டவர். உடற்பயிற்சிப் பாடம் முடிக்கவில்லை என்று பள்ளிக்கூடம் அவருக்குச் சான்றிதழ் தர மறுத்தபோது, சண்டை போட்டு வாங்கியவர் அவருடைய அம்மா. 1962-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வேலைக்கு லாயக்கில்லாதவர் என்று எந்த அரசுத் துறை அவரை ஒதுக்கப் பார்த்ததோ, அந்தத் துறைக்கே 1975-இல் தலைவரானார். தாயின் வேலை பிள்ளையைக் கட்டிக் காப்பது மட்டும் இல்லை, பிள்ளைக்காகக் கதவைத் தட்டுவதும்தான் என்று அந்தம்மாவை நினைத்துக்கொள்வேன்.

நம் நாட்டிலும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதன் 5-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிக்குச் சமூகத்தில் மற்றவர்களோடு வாழும் உரிமை உண்டு, இன்ன இடத்தில் இன்ன ஏற்பாட்டில்தான் வாழ வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. சட்டம் அவனை மதுரைக்கு அனுப்பச் சொல்லவில்லை. போக வேண்டும் என்று அவன் முடிவு செய்தால் நம்முடைய பாசம் குறுக்கே நிற்கக் கூடாது என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

உங்கள் பயம் எல்லாம் பொய் என்று சொல்ல மாட்டேன். உதவியாளர் சொல்லாமல் நின்றுவிடலாம். புண் வரலாம். யாராவது ஏமாற்றலாம். பணக் கணக்கும் இடிக்கிறது: சம்பளம் 16,000, அவன் பங்குக்கு உதவியாளருக்கு 8,000, வாடகை, சாப்பாடு, மருந்து, குழாய், பை என்று போனால் கையில் நிற்பது ஒன்றுமில்லை. மாதம் மூவாயிரம் வீட்டிலிருந்து போட வேண்டியிருக்கும். என் பென்ஷனில் கொஞ்சம் கொடுக்கிறேன். இதற்கும் வழியில்லாத குடும்பங்கள் நிறைய. ஒரு அம்மா மட்டும் இருபது வருடமாகத் தூக்கிச் சுமக்கிற வீடுகள் எனக்குத் தெரியும். அவர்களுக்கு உபதேசம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. உதவியாளர் சம்பளத்தை ஒரு குடும்பத்தின் தலையில் மட்டும் வைப்பது நியாயமும் இல்லை.

அதனால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பவில்லை. மூன்று வாரம் பேசியிருக்கிறோம். முதல் மூன்று மாதம் சோதனை. வேலையை நிறுத்தினால் வருவதற்கு இரண்டாவது உதவியாளர் ஒருவரையும் பேசி வைத்திருக்கிறான். பக்கத்து ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வந்திருக்கிறான். உதவியாளருக்கென்று ஆறு பக்கத்துக்குக் குறிப்பு எழுதியிருக்கிறான், போனில் பேசிப் பேசியே தட்டச்சு ஆனது. என்னிடம் சந்திப்பிழை பார்க்கச் சொன்னான். நான் பழக்கதோஷத்தில் குளிக்கிற முறையை மாற்றி எழுதிவிட்டேன். "பிழையைத் திருத்துங்க ஆச்சி, முறையைத் திருத்தாதீங்க" என்று திருப்பி அனுப்பினான். அம்மாவுக்கு ஒரு நிபந்தனை போட்டிருக்கிறான்: வீடியோ கால் ஒரு நாளைக்கு ஒன்று. அவள் இரண்டு கேட்டாள். ஒன்றரையில் முடிந்திருக்கிறது. அந்த அரை என்ன கணக்கு என்று எனக்கே புரியவில்லை.

இங்கே அவன் அறை அப்படியே இருக்கும், கட்டிலை எடுக்க மாட்டோம். சரிப்படவில்லை என்றால் திரும்பி வருவான். வந்தால் "அப்பவே சொன்னேன்" என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. துபாய்க்குப் போய் ஆறு மாதத்தில் திரும்பி வந்த பிள்ளைகள் நம் குடும்பத்தில் மூன்று பேர். அவர்களை அப்படிச் சொன்னோமா?

என் தம்பி மகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவளுக்கு 44 வயது. நான்கு வருடமாக ஒரு கல்யாண வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு தடவை அவனைப் புரட்டிப் படுக்கவைக்க எழுந்து எழுந்து முதுகு போய்விட்டது. அவளுக்கு 70 வயதாகும்போது அவனுக்கு 49. அன்றைக்கு அவளால் தூக்க முடியாது. அப்போது முதல் முறையாக அந்நியர் கையில் விடுவதைவிட, அவள் திடமாக இருக்கும்போதே, தப்பு வந்தால் ஓடிப்போய்ப் பார்க்கிற தெம்பு இருக்கும்போதே பழகுவதுதான் புத்திசாலித்தனம். அவனுக்குக் கிடைக்கிற ஒவ்வொரு மணி நேர சுதந்திரமும் அவளுக்கும் ஒரு மணி நேரம்தான். பாதியில் விட்ட தையல் வகுப்பில் மறுபடி சேரப் போகிறாளாம். அதற்கும் யாராவது போன் செய்து திட்டுவதாக இருந்தால் என் நம்பருக்குச் செய்யுங்கள்.

கடைசியாகச் சில வேண்டுகோள்கள். டீச்சர் வீட்டுப்பாடம் கொடுக்காமல் விட மாட்டாள்.

அவனைப் பார்க்க வந்தால் அவனிடம் பேசுங்கள். அவன் முன்னால் நின்றுகொண்டு அம்மாவிடம் "சாப்பிட்டானா?" என்று கேட்காதீர்கள். அவனுக்கு வாய் இருக்கிறது, நன்றாகவே பேசுவான். நாற்காலியைத் தள்ளும் முன் கேளுங்கள். அது அவன் கால். யாருடைய காலையும் கேட்காமல் தூக்கி வைக்க மாட்டோம் அல்லவா? பார்த்ததும் அழாதீர்கள். உங்களைத் தேற்றுகிற வேலை அவன் தலையில் விழுகிறது.

என் மாணவர்களில் கொத்தனார், கான்டிராக்டர், இன்ஜினியர் நிறையப் பேர் இருக்கிறீர்கள். சாய்தளத்துக்கு ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், இதுதான் கணக்கு. அவன் வீட்டு வாசல் ஒன்றரை அடி உயரம், அதற்கு 18 அடி வேண்டும். முற்றம் இருந்தது 11 அடி. என்னிடம் நாலாம் வகுப்பில் கணக்கில் தவறிய ஒரு கொத்தனார் வந்து, அளந்து, 'ட' மாதிரி வளைத்து, திரும்பும் இடத்தில் சமதளம் விட்டுக் கட்டிக் கொடுத்தான். கூலி வாங்க மறுத்துவிட்டான். அந்தக் கணக்குக்கு நூற்றுக்கு நூறு போட்டுவிட்டேன். நீங்கள் கட்டுகிற கல்யாண மண்டபத்தில், வங்கியில், நூலகத்தில், கோயில் பக்கவாசலில் அந்தக் கணக்கைப் போடுங்கள். பெயருக்கு ஒரு செங்குத்துச் சரிவு கட்டி வைத்தால் அதில் சைக்கிள்தான் ஏறும். மதுரையில் இருக்கிற என் மாணவர்களே, அவனுக்குக் காவல் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு டீ குடிக்கக் கூப்பிடுங்கள், படி இல்லாத கடையாகப் பார்த்து.

சொந்தபந்தங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அவன் அம்மாவுக்கு இனி போன் செய்தால், "நல்ல காரியம் பண்ணினே" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்ல மனசு வரவில்லை என்றால் போன் செய்யாமல் இருங்கள். அதுவும் உதவிதான்.

ஜூன் மாதம் அவன் கிளம்பும் அன்றைக்கு நானும் வாசலில் நிற்பேன். வண்டியில் ஏற்றும்போது என் கை தானாக எழும். எனக்கே தெரியும். புடவைக்குள் கட்டிக்கொள்வேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்